சென்ட் ஓஎஸ் 7-க்குப் பிறகு எது: சந்தா கட்டும் ரெட் ஹாட்டா, கட்டணமில்லாத அல்மாவா, ராக்கியா?

கேள்வி

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. கணக்குப் பிரிவின் ஆரக்கிள் தரவுத்தளம், நிறுவன இணையதளம், கோப்புப் பகிர்வு, சோதனைச் சர்வர்கள் என எல்லாமே இன்னும் சென்ட் ஓஎஸ் 7-இல்தான் (ரெட் ஹாட் லினக்ஸின் கட்டணமில்லாத நகலான இயங்குதளம்) ஓடுகின்றன. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. மென்பொருளைப் புதுப்பிக்கும் யம் கட்டளையைக் கொடுத்தால், பதிவிறக்கச் சர்வர்களைக் காட்டும் மிரர் பட்டியலின் முகவரியே கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் சந்தா வாங்கலாம், இல்லையெனில் எல்லாவற்றையும் அல்மா லினக்ஸுக்கோ ராக்கி லினக்ஸுக்கோ மாற்றிவிடலாம் என்று நிர்வாகம் இரண்டு வழிகளை முன்வைத்துள்ளது. மூன்றும் ஏறக்குறைய ஒரே நிரலால் ஆனவை என்றால், ஆண்டுதோறும் கட்டும் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது என்ன? அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் விளக்கினால் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ரெட் ஹாட்டும் திறமூல மென்பொருள்தான். சந்தாவாக நீங்கள் கட்டும் பணம் திருத்தங்களைத் தொடர்ந்து பெறுவதற்கும், சிக்கல் வந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் மறுமுனையில் இருப்பதற்கும், மற்ற மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் தயாரிப்பை அந்த இயங்குதளத்தில் சோதித்துச் சான்றளித்திருப்பதற்கும் உரியது. சந்தா காலாவதியானாலும் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். திருத்தங்களும் உதவியும் மட்டும் நின்றுபோகும்.

உங்கள் பட்டியலில் இந்தச் சான்று உண்மையிலேயே தேவைப்படுவது ஆரக்கிள் தரவுத்தளம் ஒன்றுக்குத்தான். ஆரக்கிள் 19சி பதிப்புக்குச் சான்றளிக்கப்பட்ட லினக்ஸ் வகைகள் ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹாட், சூசே ஆகியவை. அல்மாவும் ராக்கியும் அதில் இல்லை. தெரியாத இயங்குதளம் என்று ஆரக்கிளின் நிறுவல் நிரல் பாதியில் நின்றால், ‘சிவி அஸ்யூம் டிஸ்ட்ஐடி’ என்ற சூழல் மாறியில் வேறொரு பெயரைக் கொடுத்து அதைத் தாண்டிச் செல்ல முடியும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் தரவுத்தளம் முடங்கி ஆரக்கிளிடம் புகார் பதிவு செய்யும்போது, அவர்கள் முதலில் கேட்பது இயங்குதளத்தின் பெயரைத்தான். இணையதளத்துக்கும் கோப்புப் பகிர்வுக்கும் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆகவே சர்வர் வாரியாக முடிவெடுங்கள். அலுவலகம் முழுவதற்கும் ஒரே முடிவு வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தரவுத்தளச் சர்வருக்கு ரெட் ஹாட் சந்தாதான் ஒரே வழி என்பதில்லை. ஆரக்கிள் லினக்ஸைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தங்களையும் பெறலாம். உதவி வேண்டுமென்றால் மட்டுமே பணம். அந்த ஒரு சர்வருக்கு அதுவே பொருத்தமானது என்பது என் கருத்து.

கட்டணமில்லாத பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் எதிர்காலத்தை முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை நிர்வாகத்திடம் கட்டாயம் சொல்லுங்கள். 2014-இல் சென்ட் ஓஎஸ் திட்டம் ரெட் ஹாட்டின் அரவணைப்புக்குள் வந்தபோது பலரும் மகிழ்ந்தார்கள். சென்ட் ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பிப் பல நிறுவனங்கள் மாறிய பிறகு, அது 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. மாறியவர்கள் ஓராண்டுக்குள் மீண்டும் மாற வேண்டியதாயிற்று. அந்த ஏமாற்றத்தில் பிறந்தவைதான் 2021-இல் வெளியான அல்மாவும் ராக்கியும். பின்னர் 2023 ஜூனில், பொதுவெளியில் மூல நிரல் இனி சென்ட் ஓஎஸ் ஸ்ட்ரீம் (ரெட் ஹாட்டின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னோடியான பதிப்பு) வழியாக மட்டுமே கிடைக்கும் என்று ரெட் ஹாட் அறிவித்தது. அதன் பிறகு அல்மா, வரிக்கு வரி ஒரே நகலாக இருக்கும் இலக்கைக் கைவிட்டு, ரெட் ஹாட்டில் ஓடும் மென்பொருள் தன்னிலும் ஓட வேண்டும் என்பதை இலக்காக்கிக்கொண்டது. ராக்கி அச்சு அசலான நகலாகவே தொடர முயல்கிறது.

மறுமொழி 3

சர்வர்கள் எந்த ஆண்டு வாங்கியவை என்று நீங்கள் எழுதவில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ரெட் ஹாட் 8-இலிருந்தே பல பழைய ரெய்டு கார்டுகளுக்கான (பல வட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் அட்டைகள்) இயக்கிகள் நீக்கப்பட்டுவிட்டன. நிறுவல் திரை எல்லாம் ஒழுங்காக வந்து, வட்டைத் தேர்வு செய்யும் இடத்தில் மட்டும் பட்டியல் காலியாக இருக்கும். வட்டு பழுதடைந்துவிட்டது என்று எண்ணி அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அல்மா தன் 9.4 பதிப்பில் இப்படி நீக்கப்பட்ட வன்பொருள்கள் சிலவற்றுக்கான ஆதரவை மீண்டும் சேர்த்தது. அதேபோல், ரெட் ஹாட் 10-க்கு எக்ஸ்86-64-வி3 என்ற புதிய தலைமுறைத் தரத்திலான செயலி தேவை. அதற்கு முந்தைய தலைமுறைச் செயலிகளுக்காக அல்மா 10-இல் வி2 பதிப்பு தனியாக வெளியிடப்படுகிறது. பழைய இயந்திரங்களை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும் என்றால் ராக்கியைவிட அல்மா நல்லது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தரவுத்தளத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சோதனைச் சர்வர்களுக்கு ரெட் ஹாட்டின் இலவச டெவலப்பர் சந்தாவைப் பயன்படுத்தலாமா? சென்ட் ஓஎஸ் 7-இலிருந்து நேரடியாக 9-க்குத் தாவ முடியுமா?

மறுமொழி 1

16 இயந்திரங்கள் வரை அனுமதிக்கும் அந்தச் சந்தா தனிநபர் பெயரில் தரப்படுவது. நிறுவனச் சர்வர்களை ஓர் ஊழியரின் கணக்கில் கட்டிவைப்பது முறையும் அல்ல, அவர் வேலையை விட்டுப் போனால் சிக்கலும் கூட. சோதனைச் சர்வர்களுக்கு அல்மாவே போதும்.

நேரடியாக 9-க்குத் தாவ முடியாது. அல்மாவின் எலிவேட் கருவி 7-இலிருந்து 8, பிறகு 8-இலிருந்து 9 என்று படிப்படியாகத்தான் ஏற்றும். அதற்கு முன் யம் அமைப்புக் கோப்பில் முகவரியை, பழைய பதிப்புகளைச் சேமித்துவைத்திருக்கும் வால்ட் களஞ்சியத்துக்கு மாற்றி, சர்வரை 7.9-க்கு முழுமையாகப் புதுப்பித்துவிடுங்கள். தரவுத்தளச் சர்வரில் மட்டும் இந்தக் கருவியை ஓட்டாதீர்கள். புதிய இயந்திரத்தில் ஆரக்கிள் லினக்ஸை நிறுவி, தரவை அங்கே மீட்டெடுத்துச் சரிபார்த்த பிறகு பழையதை நிறுத்துங்கள்.