தண்டனையில் இருப்பவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நிபோங் திபால் அக்கா:

மலேசியாவில், எங்கள் நிபோங் திபால் பக்கத்து இந்து மயானத்தில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. கோயில் கமிட்டியில் கோத்தோங் ரோயோங் வைத்தார்கள், ஊரே சேர்ந்து செய்கிற கூட்டு வேலை. பசியாற நாசி லெமாக் கட்டித் தரும் பொறுப்பு எனக்கு. "நம்ம ஆளுங்க முப்பது பேர், வெளியிலேர்ந்து பதினோரு பேர்" என்றார் தலைவர். அந்தப் பதினோரு பேர் யார் என்பது வேன் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. கட்டாய வருகை உத்தரவு பெற்றவர்கள். அதன் மலாய்ப் பெயரைச் சுருக்கி பி.கே.டபிள்யூ. என்றால் இங்கே பலருக்குத் தெரியும். சின்னக் குற்றத்துக்குச் சிறையில் அடைக்காமல், நாளுக்கு அதிகபட்சம் 4 மணி நேரம், 3 மாதம் வரை ஊர் வேலை செய்யச் சொல்லும் உத்தரவு அது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாம்.

உண்மையைச் சொல்கிறேன். அவர்களுடைய பொட்டலங்களைத் தனி மேசையில் வைத்தேன். யாரும் அப்படி வைக்கச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கொடுக்கப் போனேன். என் மகன் வயதில் ஒரு தமிழ்ப் பையன் புல் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கல்லறையைச் சுற்றிக் கையாலேயே புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஏன் தம்பி என்று கேட்டேன். "நைலான் கயிறு பட்டா எழுத்துல இருக்கற பெயிண்ட் போயிடும்க்கா. பேரு தெரியாமப் போயிடும்" என்றான். அது என் அப்பாவின் கல்லறை. நான் அங்கே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிடுங்கினேன். அப்புறம் போய் அந்தப் பொட்டலங்களை எல்லாம் பெரிய மேசைக்கு மாற்றினேன். தலைவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இதை இப்போது எழுத இன்னொரு காரணம் இருக்கிறது. என் தங்கை மகள் கலிபோர்னியாவில் பசடேனாவில் இருக்கிறாள். 2025 ஜனவரியில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மலை எரிந்தது. ஈட்டன் தீ. 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். திரும்பிப் போனபோது ஆரஞ்சு உடையில் வரிசையாக ஆட்கள் மலையேறுவதைப் பார்த்திருக்கிறாள். சிறைக்கைதிகள். அந்த மாதம் 1,000-க்கும் மேற்பட்ட கைதிகள் லாஸ் ஏஞ்சலிஸ் தீயில் நின்றார்கள்.

அவர்கள் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் பிடிப்பதில்லை. ரம்பமும் மண்வெட்டியும்தான் ஆயுதம். தீ வரும் வழியில் செடி, வேர், சருகு எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, வெறும் மண் தெரிகிற பாதை போடுவார்கள். தீ அதுவரை வந்து, தின்ன எதுவும் இல்லாமல் நின்றுவிடும். அவள் சொன்னபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. தோட்டத்தில் லாலாங் புல் பற்றிக்கொண்டால் அவர்களும் இதையேதான் செய்வார்கள். தீ இல்லாத மாதங்களில் அந்தக் கைதிகளுக்குப் புதர் வெட்டுவது, வெள்ளத்துக்கு மணல் மூட்டை அடுக்குவது, பூங்காக்களைப் பராமரிப்பது என்று வேலை. விரும்பி முன்வருகிறவர்களை மட்டும்தான் எடுக்கிறார்கள். தீ வைத்த குற்றத்துக்காக உள்ளே போனவர்களைச் சேர்ப்பதில்லை. வேலை செய்கிற ஒவ்வொரு நாளுக்கும் தண்டனைக் காலம் குறையும்.

கூலியைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தீ எரிந்தபோது நாளுக்கு 5.80 முதல் 10.24 டாலர், தீயில் நிற்கும்போது மணிக்கு 1 டாலர் கூடுதல். அவ்வளவுதான். 2025 அக்டோபரில்தான் தீ எரியும் நேரத்துக்கு மணிக்கு 7.25 டாலர் என்று சட்டம் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு இது ரொம்பத் தாமதம். விடுதலையான பிறகு தீயணைப்பு வேலைக்குப் போனால், குற்றப் பதிவு இருப்பதால் பலருக்கு அவசர மருத்துவ உதவியாளர் உரிமம் கிடைக்காது. அது இல்லாமல் பல ஊர்த் தீயணைப்புத் துறைகள் எடுக்காது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தப் பதிவை நீக்கக் கேட்கலாம் என்று 2020-ல்தான் வழி செய்தார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் பூலாவ் புரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில் எரிந்தபோது பைராம் தோட்டத்துப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தப் புகை எப்படி என்று தெரியும். அன்றைக்கு ஒருவன் மண்வெட்டியோடு வந்து நின்றிருந்தால், நீ எந்தச் சிறையிலிருந்து வருகிறாய் என்றா கேட்டிருப்போம்?

புக்கிட் மெர்தாஜாம்:

நான் கேட்டிருப்பேன் அக்கா. என் வீட்டில் திருடினார்கள். அம்மாவின் தாலிக்கொடி போனது, இன்னும் கிடைக்கவில்லை. மயானத்தில் புல் வெட்டுவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளைகள் இருக்கும் வீட்டு வாசலில் அவர்கள் வந்து நின்றால் எனக்கு வயிறு கலங்கும். இதையும் ஓர் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ்டவுன்:

நான் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலையில் இருக்கிறேன். இங்கே பினாங்கில் 1818-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். கோர்ன்வாலிஸ் கோட்டைச் சுவரிலும் அவர்கள் கை இருக்கிறது. இதைச் சொன்னதும், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணைத் தொட்டுக் கும்பிட்டார். அன்றிலிருந்து அந்தத் தூண்களைப் பற்றிச் சொல்லாமல் நான் யாரையும் கூட்டிப் போவதில்லை.

செந்தூல் ஒர்க்‌ஷாப்:

புக்கிட் மெர்தாஜாம் சொல்வது நியாயம். பயம் பயம்தான். என் கதையையும் கேளுங்கள். இங்கே 2008-லிருந்து பரோல் இருக்கிறது, தண்டனையின் மீதிக் காலத்தை அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே கழிப்பது. பரோலில் வந்த ஒருவரை நான் வேலைக்கு வைத்தேன். அதிகாரி கடைக்கே வந்து பார்ப்பார். முதல் நாள் சாயங்காலம் கடை அடைக்கும்போது அவர் கிளம்பவில்லை. ஸ்பேனர், ஜாக் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தார். சிறைப் பட்டறையில் கருவிகளை எண்ணி முடிக்காமல் யாரும் வெளியே போக முடியாதாம். இன்றும் எண்ணுகிறார். அவர் வந்த பிறகு என் கடையில் ஒரு ஸ்பேனர்கூடத் தொலைந்ததில்லை.

ஒரு வாடிக்கையாளர் மட்டும், அவர் தன் காரைத் தொடக்கூடாது என்றார். பத்து வருடப் பழக்கம். வேறு கடைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த மாதம் எனக்கு நஷ்டம்தான்.

நிபோங் திபால் அக்கா:

புக்கிட் மெர்தாஜாம் தங்கச்சி, தாலிக்கொடி போன வலி எனக்குப் புரிகிறது. உன்னை மாற்ற நான் எழுதவில்லை.

செந்தூல் அண்ணே, அந்தப் புல் வெட்டிய தம்பிக்குப் போன மாதம் உத்தரவு முடிந்துவிட்டது. தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தான். நான்கு இடத்தில் கேட்டுவிட்டானாம், விஷயம் தெரிந்ததும் அப்புறம் கூப்பிடுகிறோம் என்கிறார்களாம். பைக் நன்றாகக் கழற்றுவான். உங்களிடம் இடம் இருக்கிறதா?

செந்தூல் ஒர்க்‌ஷாப்:

வரட்டும்க்கா. முதலில் டயர் மாற்றுகிற வேலைதான் தருவேன். மேல்மாடியில் ஒரு ரூம் காலியாக இருக்கிறது. ஐ.சி.யும் (அடையாள அட்டை) ஒரு ஜோடி பூட்ஸும் கொண்டு வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் திங்கட்கிழமை தொடங்கிவிடலாம்.