4 மணி நேரத்துக்குள் பறந்தால் போதுமா? டார்கெட் முடித்தவர்களுக்குப் பட்டாயாதானா?

வாணி_ஒயிட்ஃபீல்டு:
நம் பெங்களூரு தமிழர் குழுவில் நேற்று ஒரு டிராவல்ஸ்காரர் எழுதியிருந்தார்: "விற்பனை டார்கெட் முடித்த டீமைக் கம்பெனி செலவில் பரிசுச் சுற்றுலா கூட்டிப்போவதென்றால் விமானம் 4 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. அதனால் பெங்களூருக்கு பாங்காக்–பட்டாயாதான்." இந்த 4 மணி நேரம் எங்கிருந்து வந்தது? எலக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவர் தேவனஹள்ளி ஏர்போர்ட் போய்ச் சேரவே சாயங்கால டிராஃபிக்கில் 2 மணி நேரம் ஆகிறது. அங்கே 3 மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். பாங்காக்கின் சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் இறங்கினால் பட்டாயாவுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பஸ். இதையெல்லாம் யார் கணக்கில் எழுதுவது?

இந்திராநகர்_டிராவல்ஸ்:
வாணி மேடம், நான் சொன்னது பறக்கும் நேரம். பாங்காக் 4 மணி நேரத்துக்குள். இந்தத் தொழிலில் ஊறியவன் சொல்கிறேன். தாய்லாந்து 2023 நவம்பரிலேயே நமக்கு விசாவை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கடைசி நிமிடத்தில் பத்துப் பேரைச் சேர்த்தபோதும் விசாவுக்கு அலையவில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 40 பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அலைந்து பாருங்கள், தெரியும்.

வாணி_ஒயிட்ஃபீல்டு:
ஐரோப்பா போகலாம் என்று நான் எங்கே சொன்னேன்? இந்தோனேசியாவின் பாலிக்கு பெங்களூரிலிருந்து 2024 மார்ச்சில் நேரடி விமானம் வந்தது. அங்கே ஹோட்டல்கள் இருக்கும் நுசா துவா பகுதி ஏர்போர்ட்டுக்குப் பக்கம், மாநாட்டு மண்டபமும் அங்கேயே. நமக்குக் கணக்கு மார்ச்சில் முடியும், ரிசல்ட் வந்து கிளம்ப ஜூன், ஜூலை ஆகும். அப்போது பாலியில் மழை இல்லாத காலம். தாய்லாந்தின் புக்கெட் தீவில் அதே மாதங்களில் கடல் கொந்தளிப்பு.

இந்திராநகர்_டிராவல்ஸ்:
நான் பட்டாயா என்றேன், நீங்கள் புக்கெட் என்கிறீர்கள். பாலிக்கு 4 மணி நேரத்தில் போக முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்கள். விசா 5 லட்சம் ரூபியா, சுற்றுலா வரி ஒன்றரை லட்சம் ரூபியா, தலைக்குத் தலை கட்ட வேண்டும். மார்ச்சில் ஞெபி என்ற பாலி இந்துக்களின் மௌன நாள் வந்தால் ஏர்போர்ட்டையே ஒரு நாள் மூடிவிடுவார்கள்.

வாணி_ஒயிட்ஃபீல்டு:
ஜூன் என்று எழுதிய கை ஓயவில்லை, மார்ச் என்கிறார்!

டெல்லி_தமிழன்:
நாங்கள் டெல்லியிலிருந்து கஜகஸ்தானின் அல்மாட்டி போனோம். நேரடி விமானம், 14 நாள் வரை விசா வேண்டாம். மலை, பனி, எல்லாம் உண்டு. பெங்களூர்க்காரர்களுக்கு பாங்காக்கை விட்டால் உலகமே தெரியாது.

வாணி_ஒயிட்ஃபீல்டு:
அண்ணா, உங்கள் ஊரில் ஏறுவதற்கு நாங்கள் முதலில் உங்கள் ஊருக்கு வர வேண்டும். ஜனவரி மூடுபனியில் உங்கள் ஏர்போர்ட்டில் காத்துக்கிடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை_ஜெயநகர்:
எல்லாரும் இடத்தைப் பேசுகிறீர்கள், வரியை யாரும் பேசவில்லை. டீலர்களைக் கூட்டிப்போனால், பழைய வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் பிரிவு என்று வந்த விதி இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து, வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டிய சலுகைக்கு 10 சதவீதம் பிடிக்க வேண்டும். மாநாடு என்று பெயர் வைத்தாலும் ஊர் சுற்றிய செலவும் கூட வந்த குடும்பத்தின் செலவும் சலுகைதான்.

இந்திராநகர்_டிராவல்ஸ்:
இங்கே பேச்சு ஊழியர்களைப் பற்றி, டீலர்களைப் பற்றி இல்லை சார்.

கணக்குப்பிள்ளை_ஜெயநகர்:
உங்கள் பேக்கேஜில் பாதிப் பேர் டீலர்கள்தானே? ஊழியர் என்றாலும் சும்மா விட மாட்டார்கள், சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். பரிசு வாங்கியவர் அடுத்த மாத பே-ஸ்லிப்பைப் பார்த்துத் திட்டுவது ஹெச்ஆரைத்தான்.

வாணி_ஒயிட்ஃபீல்டு:
வரி எந்த ஊருக்குப் போனாலும் உண்டு. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. குறைந்த நேரம்தான் பெரிது என்றால் கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்தான். அது ஏன் உங்கள் பட்டியலில் இல்லை?

இந்திராநகர்_டிராவல்ஸ்:
கொழும்பில் சேல்ஸ் பசங்களுக்கு என்ன இருக்கிறது மேடம்?

வாணி_ஒயிட்ஃபீல்டு:
வந்துவிட்டது பாருங்கள், உண்மை. "பசங்களுக்கு." எங்கள் கம்பெனியில் ஒரு வருடம் பட்டாயாதான் பரிசு. டார்கெட் முடித்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் போகவில்லை. இரவு நிகழ்ச்சி எல்லாம் பார்களும் கிளப்களும் நிறைந்த வாக்கிங் ஸ்ட்ரீட் பக்கம் என்று நிரலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர்களுக்கு ஒரு கிஃப்ட் வவுச்சர் கொடுத்து முடித்தார்கள். வருடம் முழுக்க மழையிலும் வெயிலிலும் அலைந்து ஆர்டர் பிடித்தவள் பரிசை வாங்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்தால் அது பரிசா? இடத்தை முடிவு செய்வதற்கு முன் ஜெயித்தவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கணவரோடு வரலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, குழந்தையை யாரிடம் விடுவது, இதைக் கேட்காமல் 4 மணி நேரம், 4 மணி நேரம் என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

அல்சூர்_சரவணன்:
கொழும்பில் ஒன்றும் இல்லை என்பவர் பெந்தோட்டைக் கடற்கரையையும் நுவரெலியாவையும் பார்த்ததில்லை போல. போன பொங்கல் விழாவுக்கு பார்க்கிங்கே இல்லாத மண்டபத்தைப் பிடித்தவரும் இவர்தான். இடம் தேர்வில் பெரிய நிபுணர்.

இந்திராநகர்_டிராவல்ஸ்:
அந்த மண்டபத்துக்கு முன்பணம் கட்ட அன்றைக்கு வேறு யாராவது முன்வந்தீர்களா? பெண்களும் ஜோடியாகப் பாங்காக் வருகிறார்கள், படகில் போகிறார்கள், ஷாப்பிங் செய்கிறார்கள், சந்தோஷமாகத்தான் திரும்புகிறார்கள். ஒரு கம்பெனி போட்ட நிரலுக்கு ஊரைக் குறை சொல்லாதீர்கள்.

அல்சூர்_சரவணன்:
முன்பணம் கமிட்டியின் பணம். ரசீதை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை_ஜெயநகர்:
ரசீது என்னிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்புவேன், யாரும் கேட்கவில்லை.

வாணி_ஒயிட்ஃபீல்டு:
மண்டபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர்ணபூமியிலிருந்து பட்டாயாவுக்கு பஸ் எவ்வளவு நேரம்? சொல்லுங்கள் சார்.

இந்திராநகர்_டிராவல்ஸ்:
பஸ் கணக்கில் வராது. பறக்கும் நேரம் 4 மணிக்குள்.