முதல் பெல்ட் சாண்டர்: சிறியதை இப்போதே வாங்குவதா, பொறுத்திருந்து பெரியதைக் கட்டுவதா?

புதுக்கை:
அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக லாரிப் பட்டையை (ஸ்பிரிங்குக்கான எஃகுப் பட்டை) வெட்டி, அரத்தால் இழைத்து, மூன்று சமையல் கத்திகள் செய்திருக்கிறேன். மூன்றாவது கத்தியின் இரு பக்கச் சரிவையும், அதாவது கூரை நோக்கி மெலியும் பகுதியையும், இழைத்து முடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இனி ஒரு பெல்ட் சாண்டர் (உப்புத்தாள் பட்டை சுழன்று இழைக்கும் இயந்திரம்) இல்லாமல் முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். கையில் இருப்பது 15,000 ரூபாய். இடம், மொட்டைமாடியில் ஒரு தகரக் கூரை. மின்சாரம் ஒற்றை ஃபேஸ். இணையக் கடையில் பார்த்த 1×30 அங்குல மேசை இயந்திரம் என் தொகைக்குள் அடங்குகிறது. ஆனால் காணொளிகளில் கத்தி செய்கிறவர்கள் எல்லாரும் 2×72 அங்குல பெல்ட் ஓடும் இயந்திரத்தின் முன்தான் நிற்கிறார்கள். எதை எடுத்தால் பின்னால் வருந்தாமல் இருப்பேன்?

சாணைக்கல்:
1×30 வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். அந்த பெல்ட்டின் மொத்தப் பரப்பு 30 சதுர அங்குலம். 2×72 பெல்ட்டின் பரப்பு 144 சதுர அங்குலம். இரும்பைத் தின்னும் மணிகள் ஏறக்குறைய ஐந்து மடங்கு இருப்பதால் பெல்ட் நீடித்து உழைக்கிறது. ஒவ்வொரு மணியும் இரும்பைத் தொட்ட பிறகு நீண்ட சுற்றுப் போய், சற்றே ஆறித் திரும்புகிறது. சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் கால் அல்லது அரைக் குதிரைத்திறன் மோட்டார்தான் இருக்கும். அதில் 40 எண் (சொரசொரப்பான) செராமிக் பெல்ட்டைப் போட்டு நன்றாக அழுத்தினால் மோட்டார் திணறி நின்றுவிடும். மெல்ல அழுத்தினாலோ மணிகள் உடைந்து புது முனை காட்டாமல் மழுங்கிப் பளபளத்துவிடும். நல்ல பெல்ட்டுக்குக் காசு கொடுத்தும் அதன் பலனைப் பெற முடியாத இயந்திரம் அது. ஆறு மாதம் பொறுத்து 2×72 கட்டுங்கள்.

பட்டறைவாசி:
சாணைக்கல் ஐயாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் கேட்டவர் மாதம் நாற்பது கத்தி விற்கப் போகிறவர் அல்லர். நான் மூன்று ஆண்டுகளாக 1×30இல்தான் வேலை செய்கிறேன். வடிவத்தை ஹாக்சாவிலும் ஆங்கிள் கிரைண்டரிலும் வெட்டிவிட்டு, சரிவின் பெரும்பகுதியை இரும்பு மிருதுவாக இருக்கும்போதே எடுத்து, விளிம்பை ஒரு நாணயத்தின் கனத்துக்கு விட்டுவிட்டுத்தான் பதம் போடுவேன் (காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்குவேன்). பதம் போட்ட பிறகு புது பெல்ட், வெறும் கை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கை பொறுக்காத சூடு வந்தவுடன் முக்கிவிடுவேன். சிறிய இயந்திரம் மெதுவாகத் தின்பதால் புதியவரின் கை தவறினாலும் கத்தி வீணாவதில்லை. பெரிய இயந்திரத்தில் ஒரு நொடி அசந்தால் சரிவு தொடங்கும் கோடு ஒரு பக்கம் ஏறிவிடும். ஆறு மாதம் பொறுக்கச் சொல்வது எளிது. அந்த ஆறு மாதத்தில் அவர் செய்யாமல் போகும் கத்திகளை யார் கணக்கில் வைப்பது?

சாணைக்கல்:
மெதுவாகத் தின்பது வேறு, மெதுவாக ஓடுவது வேறு. மலிவான 1×30 இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே வேகத்தில், அதுவும் நல்ல வேகத்தில் ஓடுகின்றன. தின்னும் வலு மட்டும்தான் இல்லை. மழுங்கிய பெல்ட்டும் அதிக வேகமும் சேர்ந்தால் இரும்பு குறையாது, சூடு மட்டும் ஏறும். கார்பன் எஃகுக் கத்தியை நாம் 200 டிகிரிச் சூட்டை ஒட்டித்தான் பதம் இறக்குகிறோம் (கடினத்தைச் சற்றுக் குறைக்க மீண்டும் சூடாக்குகிறோம்). விளிம்பில் நீலம் படர்ந்தால் அந்த இடம் 300 டிகிரியை நெருங்கிவிட்டது என்று பொருள். பிறகு தண்ணீரில் முக்கினாலும் போன கடினம் திரும்பாது. நீலம் முதலில் வருவது மெல்லிய நுனியில், அதாவது கூர் இருக்க வேண்டிய இடத்தில்.

அரமே துணை:
இருவரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான்கு ஞாயிறு ஆனதற்கு அரம் காரணமா, இரும்பு காரணமா என்று ஒருவரும் கேட்கவில்லை. லாரிப் பட்டை ஏற்கெனவே ஸ்பிரிங்குக்கான பதத்தில் இருக்கும் எஃகு. அதை அப்படியே அரத்தில் இழைத்தால் அரம்தான் தேயும். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுவதும் ஆறவிட்டீர்களா? அதன்பின் அரத்தை ஒரே கோணத்தில் பிடித்து வைக்கும் ஒரு சட்டத்தைச் செய்துகொண்டால், ஒரு சமையல் கத்தியின் சரிவை ஒரு நாளில் எடுத்துவிடலாம். நான் இன்றுவரை பெல்ட் இயந்திரம் வாங்கவில்லை. வாங்கியவர்களை விட மோசமாகவும் செய்யவில்லை.

புதுக்கை:
உண்மையைச் சொல்கிறேன், ஆறவிடவில்லை. வெட்டியதும் அப்படியே இழைத்தேன். இரண்டு அரங்கள் வழுக்கிப் போனதற்குக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தச்சன்மகன்:
மரவேலைக்குப் பயன்படும் கையடக்க பெல்ட் சாண்டரைக் கவிழ்த்து மேசையில் இறுக்கிவிட்டால் போதாதா? என்னிடம் 76×457 மில்லிமீட்டர் பெல்ட் போடும் ஒன்று இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும்.

பட்டறைவாசி:
கைப்பிடிக்கான மரத்தைச் சமப்படுத்த அது போதும். இரும்புக்கு அதைக் கொண்டுவராதீர்கள். தூசிப் பையில் மரத்தூள் தங்கியிருக்கும், இரும்பின் பொறியும் அதே வழியில்தான் போகும். என் பை உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்ததை வேலை முடிந்து கால் மணி நேரம் கழித்து வாடையால்தான் கண்டுபிடித்தேன். எந்த இயந்திரமாக இருந்தாலும் மரத்தூளையும் இரும்புப் பொறியையும் ஓரிடத்தில் சேர விடாதீர்கள். பொறி விழும் இடத்தில் தண்ணீர் வாளியை வையுங்கள். முகக்கவசம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அது இருக்கட்டும். சாணைக்கல் ஐயா, கட்டுங்கள் என்கிறீர்கள். சட்டம், மூன்று சக்கரங்கள், மோட்டார், வேகத்தை மாற்ற வி.எஃப்.டி. என்னும் மின்கருவி என எல்லாம் சேர்ந்தால் 15,000 எங்கே நிற்கும்? அந்த வி.எஃப்.டி. ஒற்றை ஃபேஸை வாங்கி 230 வோல்ட் மூன்று ஃபேஸாகத்தான் தரும்; நம் கடைகளில் கிடைக்கும் மூன்று ஃபேஸ் மோட்டார்களோ 415 வோல்ட்டுக்கானவை. ஸ்டாரில் இருக்கும் இணைப்பை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும் (இரண்டும் மோட்டாரின் சுருள்களை இணைக்கும் முறைகள்). சுருள்களின் ஆறு முனைகளும் வெளியே வராத மோட்டாராக இருந்தால் வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். புதியவருக்கு இதெல்லாம் தேவையா?

சாணைக்கல்:
வி.எஃப்.டி. முதல் நாளே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கி, தண்டிலேயே சக்கரத்தை மாட்டிவிடலாம். அமெரிக்க வரைபடங்களை அப்படியே பின்பற்றுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், மோட்டார் 1725 சுற்று. இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதே வகை மோட்டார் 1440 சுற்றுதான் ஓடும். பெல்ட்டின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். 100 மில்லிமீட்டர் சக்கரம் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 மீட்டர், 125 போட்டால் 565, 150 போட்டால் 680 வரும். தொழில் செய்கிறவர்களுக்கு இது போதாது. நீங்கள் சொன்ன அந்தக் கை தவறும் புதியவருக்கு 125 சக்கரம் மிகப் பொருத்தம்: நீண்ட பெல்ட், குறைந்த வேகம், நின்றுவிடாத மோட்டார். பின்னால் காசு சேரும்போது மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சட்டமும் பெல்ட்டும் அப்படியே இருக்கும். 1×30இல் மிஞ்சும் பெல்ட்டுகளை வேறு எந்த இயந்திரத்தில் போடுவீர்கள்?

பட்டறைவாசி:
கூர் தீட்டுவதற்கு என் சிறிய இயந்திரம் சாகும்வரை பயன்படும் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் இந்த மெதுவான 2×72 யோசனைக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம்.

புதுக்கை:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அரமே துணை சொன்னபடி பட்டையைச் சாம்பலில் ஆறவிட்டேன். நான்காவது கத்தியின் சரிவு ஒன்றரை நாளில் முடிந்தது. இருந்தாலும் இயந்திர ஆசை போகவில்லை. பம்ப் வைண்டிங் கடையில் 1 குதிரைத்திறன், 1440 சுற்று மோட்டார் ஒன்று 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது. லேத் பட்டறையில் அலுமினியச் சக்கரங்கள் சொல்லியிருக்கிறேன். மூன்று சக்கரங்களுக்கும் நடுவில் மேடு வைக்க வேண்டுமா?

சாணைக்கல்:
பெல்ட்டை நடுவில் நிறுத்தும் மேல் சக்கரத்துக்கு மட்டும் மேடு போதும். மற்றவை தட்டையாக இருக்கட்டும். பெல்ட்டைப் பின்னாலிருந்து தாங்கும் தட்டின் மேல் பெல்ட் மேலிருந்து கீழே இறங்க வேண்டும் என்பதால், சக்கரத்தை மாட்டும் முன்பே மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள்.

பட்டறைவாசி:
சுற்றும் பக்கத்துக்கு முன்னால் இன்னொன்றைப் பாருங்கள். மோட்டாரின் முனை மூடிகளில் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா? இருந்தால் இரும்புத்தூள் உள்ளே போய் வைண்டிங்கைத் தின்றுவிடும். விசிறி வெளியே இருக்கும், முழுவதும் மூடிய மோட்டார்தான் இந்த வேலைக்கு ஆகும்.

புதுக்கை:
இப்போதுதான் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன்; இரண்டு பக்கமும் துளைகள் இருக்கின்றன. நாளைக் காலையில் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடிய மோட்டாருக்குச் சொல்லி வைக்கிறேன். ஐந்தாவது கத்திக்கான பட்டை சாம்பலுக்குள் இருக்கிறது.