பழைய வீட்டுத் தடுப்புச் சுவரில் ஸ்விட்ச் பாக்ஸ்: மூணு பிளேடு போச்சு, உள்ளே என்னதான் இருக்கு?

மழைக்காகம்:
வணக்கம். தாத்தா கட்டின வீடு, அறுபது வருஷத்துக்கு மேல இருக்கும். படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு தடுப்புச் சுவர். அதுல ஸ்விட்ச் பாக்ஸ் ஒண்ணு பதிக்கணும். தட்டிப் பார்த்தா உள்ளே காலியா இருக்கிற சத்தம். அரை மணி நேர வேலைன்னு நெனச்சு ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சேன்.

ஜிக்ஸாவுல (பிளேடு மேலயும் கீழயும் ஆடி அறுக்கிற மெஷின்) பூச்சு கொஞ்ச ஆழத்துக்கு லேசா அறுபட்டுது. அப்புறம் பிளேடு கிறீச்சிட ஆரம்பிச்சுது. சுவரே அதிர்ந்து, கோட்டுக்கு வெளியே ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்துது. பிளேடை எடுத்துப் பார்த்தா பொக்கை வாய். ரெண்டாவது பிளேடும் அப்படியே. மூணாவதுல ஒரு பக்கம் அறுத்து முடிச்சேன். இப்போ பூச்சுக்குள்ள கம்பி வலை தெரியுது, சாய்சதுரக் கண்ணா. உள்ளே டார்ச் அடிச்சா எதிர்ப் பக்கத்துல சாம்பல் நிறத்துல ஒரு பலகை. அதுலயும் ஒரு மூலை உடைஞ்சு, ஓரத்துல நார் நாரா நீட்டிக்கிட்டு நிக்குது. தூசியைப் பெருக்கி அள்ளிட்டேன்.

இந்த வலையை அறுக்க எந்த பிளேடு வாங்கணும்?

பழையசுத்தியல்:
தம்பி, பிளேடு பேச்சு அப்புறம். மொதல்ல அந்த ரூம் கதவைச் சாத்திட்டு ஃபேனை நிறுத்து. யாரையும் உள்ளே விடாதே.

முப்பது வருஷமா ஒயரிங் வேலை பார்க்குறேன். நீ சொல்ற நார், ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் பலகையா இருக்கலாம், வெறும் மரநார் பலகையாவும் இருக்கலாம். கண்ணால பார்த்துச் சொல்றேன்னு எவன் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலும் சேர்த்துத்தான். லேப்ல மைக்ராஸ்கோப்ல பார்த்தாத்தான் தெரியும். தெரியுற வரைக்கும் அது ஆஸ்பெஸ்டாஸ்னே வச்சுக்க.

அந்தப் பலகை எப்படி உடைஞ்சதுன்னு யோசிச்சியா? ஜிக்ஸா பிளேடு நீளம். உள்ளே குழி ஆழம் கம்மி. நீ இந்தப் பக்கம் அறுக்கும்போது பிளேடு நுனி ஒவ்வொரு குத்துக்கும் எதிர்ப் பலகையை இடிச்சிருக்கு. சுவர் அதிர்ந்ததுக்கும் பூச்சு பெயர்ந்ததுக்கும் அதுவும் ஒரு காரணம்.

பெருக்கினதுதான் பெரிய தப்பு. துடைப்பம் கனமான தூசியை அள்ளும், கண்ணுக்குத் தெரியாததைக் காத்துல ஏத்தி விட்டுடும். சாதாரண வேக்கும் கிளீனர் இன்னும் மோசம், முன்னாடி உறிஞ்சிப் பின்னாடி ஊதும். மூஞ்சியில பி100 ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியையும் பிடிக்கிறது) போட்ட அரை முக மாஸ்க் இல்லாம திரும்ப உள்ளே போகாதே. துணி மாஸ்க்கெல்லாம் ஆகாது. ஸ்பிரே பாட்டில்ல தண்ணி, அதுல ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு. சோப்பு போட்டாத்தான் தண்ணி தூசியோட ஒட்டும். நனைச்சு, ஈரத்துணியால மடிச்சு மடிச்சுத் துடை. துணியை அலசாதே, அப்படியே பையில போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில போட்டுக் கட்டு. பெருக்கி அள்ளின தூசியையும் அப்படியே கட்டு. போட்டிருந்த சட்டையை உதறாதே.

உடைஞ்சு விழுந்த துண்டு கீழே கிடந்தா அதையே நனைச்சு எடுத்து, ரெண்டு ஜிப் பையில போட்டு லேப்புக்குக் கொடு. சாம்பிளுக்குன்னு புதுசா உடைக்காதே.

நீலப்பென்சில்:
ஊர்ல பாதிக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தானே ஐயா? அதுக்குக் கீழேதான் நாங்கெல்லாம் வளர்ந்தோம். கொஞ்சம் ஓவரா பயமுறுத்துறீங்களோ?

பழையசுத்தியல்:
பயமுறுத்தலை. சிமெண்ட் நாரைப் பிடிச்சு வச்சிருக்கு. ஷீட் நல்லா இருந்து, யாரும் கை வைக்காத வரைக்கும் நார் வெளியே வர்றது ரொம்பக் குறைவு. அறுக்கிறது, டிரில் போடுறது, சாண்ட் பேப்பர் தேய்க்கிறதுதான் ஆபத்து. நுரையீரல்ல போன நாரால வர்ற மீசோதீலியோமாங்கிற புத்துநோய், இருபது, முப்பது, நாப்பது வருஷம் கழிச்சுத்தான் தலைகாட்டும். அதனாலதான் 'எனக்கு ஒண்ணும் ஆகலையே'ங்கிற பேச்சு எடுபடுது. ஒரு நாள் தூசிக்காகத் தம்பி தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம், வருஷக்கணக்கா அதே வேலை பார்க்குறவனுக்குத்தான் ஆபத்து ரொம்ப அதிகம். ஆனா ரெண்டாவது நாள் தேவையில்லையே.

இப்போ பிளேடு. பூச்சுங்கிறது மணல். பல் வச்ச பிளேடால மணலை அறுத்தா பல்லுதான் போகும். ஆடுற மல்டி டூல்ல கார்பைடு பொடி ஒட்டின பிளேடு போடு, அது அறுக்காது, தேய்க்கும். கோட்டைச் சுத்தி டேப் ஒட்டி, வலை தெரியுற வரைக்கும் மட்டும் பூச்சைத் தேய்ச்சு எடு. வலையைத் தகரம் வெட்டுற கத்திரியால நறுக்கு. மெஷினால வலையை இழுத்தா, வலைக் கண்ணுக்குள்ள புகுந்து பிடிச்சிருக்கிற பூச்சு அத்தனையும் விட்டுப்போயிடும்.

ஒயர் கண்டுபிடிக்கிற டிடெக்டர் வலை மேல வச்சா எங்கேயும் கீங் கீங்னு கத்தும், அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. மெயினை ஆஃப் பண்ணு. நான் எப்பவும் விரல் நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, போன்ல மாட்டுற ஒயர் கேமராவை விட்டுப் பார்த்துட்டுத்தான் பெரிய ஓட்டைக்குப் போவேன். ஒரு தடவை அவசரத்துல பார்க்காம வெட்டி, சுவருக்குள்ள போன தண்ணிக் குழாயை வகுந்து, வீட்டுக்காரம்மா மெத்தையைக் காய வச்சது தனிக்கதை.

செம்மண்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். அறுபது வருஷச் சுவர்னா அடிப் பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. குழந்தைங்க இருந்தா தேய்க்கிற இடமெல்லாம் ஈரமாவே தேய்ங்க. பெயிண்டைச் சூடாக்கி உரிக்கிற ஹீட் கன் வேண்டவே வேண்டாம்.

மழைக்காகம்:
எல்லாருக்கும் நன்றி. லேப் முடிவு வந்துடுச்சு. பலகையில கிரைசோடைல், அதாவது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். பார்த்ததும் வயித்தைக் கலக்குச்சு, ஏன்னா பெருக்கின அன்னைக்கு அதே சட்டையோட பொண்ணைத் தூக்கி வச்சிருந்தேன்.

ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கிற ஆளு வந்து பார்த்தாரு. பலகை மத்தபடி உறுதியா இருக்கு, எடுக்க வேண்டாம்னு சொல்லி, உடைஞ்ச ஓரத்தை நனைச்சு சீலர் அடிச்சு மூடினாரு. கட்டி வச்ச பைகளையும் அவரே எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் அறுத்த ஓட்டையையும் மூடியாச்சு. ஸ்விட்ச் பாக்ஸைப் பக்கத்துச் செங்கல் சுவர்ல வைக்கலாம்னு இருக்கேன். அதுக்கு டயமண்ட் வீல் போட்டுக் காடி வெட்டலாமா?

பழையசுத்தியல்:
வெட்டலாம். ஆனா காய வெட்டினா வீடு முழுக்கப் புகையா, செங்கல்லயும் மணல்லயும் இருக்கிற சிலிக்கா தூசி, அதுவும் நுரையீரலுக்கு எமன்தான். தூசி உறிஞ்சுற மெஷினை வீல் கவசத்தோட சேர்த்து மாட்டி வெட்டு, மாஸ்க்கைக் கழட்டாதே. என்னைக் கேட்டா, சுவர் மேலயே பைப் அடிச்சு, பாக்ஸை வெளியில வச்சுடு. பார்க்க அழகா இருக்காதுதான்.

மழைக்காகம்:
வெளியிலயே வச்சுட்டேன் ஐயா. நாலே நாலு ஸ்க்ரூ ஓட்டைதான். பொண்ணு பைப்புக்குக் கலர் அடிக்கணும்னு நிக்கிறா.