மாமியாரைச் சாகவிடாத வாசகிகள்

கதை எழுதுவதும் படிப்பதும் செல்போனுக்கு வந்த பிறகு என்ன ஆனது? மூன்று பேர் சொல்கிறார்கள்.

திருமங்கலத்துக்காரி:
வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டிங் போட்டு வைக்கிற அம்மாவுக்குப் பிறந்தவள் நான். கதைக்கு நடுவே பாதி ஜோக், நல்லெண்ணெய் விளம்பரம் எல்லாம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்போன் செயலி ஒன்றில் நானே தொடர் எழுத ஆரம்பித்தேன். மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் தங்கிலீஷில் தட்டினால் தமிழாக விழும். தினம் ஓர் அத்தியாயம், 800 சொல்.

30வது அத்தியாயத்தில் மாமியார் சாக வேண்டும். 27லேயே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தேன். அன்று ராத்திரியே கமெண்டில் ஒருத்தி, "அக்கா, அத்தைய கொன்னுடாதீங்க. எங்க அத்தையும் பெரியாஸ்பத்திரியிலதான் கிடக்காங்க" என்று எழுதியிருந்தாள். எனக்குக் கை வரவில்லை. அத்தை பிழைத்தார். அவர் சாவை நம்பியிருந்த சொத்துத் தகராறு அந்தரத்தில் தொங்கி, 60ல் முடிய வேண்டிய கதை 112 வரை இழுத்தது. அந்தக் காலத்து எழுத்தாளர்கள் கொடுத்துவைத்தவர்கள். வாசகர் கடிதம் வந்து சேர்வதற்குள் சாக வேண்டியவர் செத்திருப்பார்.

புத்தகமாகப் போடலாம் என்று சேர்த்து வாசித்தபோதுதான் வேடிக்கை. நாலு பக்கத்துக்கு ஒரு தடவை யாரோ கதவைத் தட்டுகிறார்கள்! நாளைக்கும் வாசகிகள் வர வேண்டுமே என்று வைத்த முடிச்சுகள். திறந்தால் பால்காரர். "யாருடி இது, ஓயாம தட்டிக்கிட்டு?" என்றார் அம்மா. உட்கார்ந்து ஒவ்வொரு கதவுத் தட்டலாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மேலூர் பஸ் பயணி:
நான் ஒலிநூல் கட்சி. மாட்டுத்தாவணியில் ஏறி ஹெட்போனை மாட்டினால் மேலூர் வரை கதைதான். ஒருநாள் ஹெட்போன் சார்ஜ் தீர்ந்து போன் சத்தமாகவே பேசிவிட்டது. பதறி நிறுத்தினால், பின்சீட்டு அப்பத்தா, "ஏன்யா நிப்பாட்டுன? அந்தப் புள்ள என்ன ஆனா?" என்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
மதுரைத் திட்டத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கும் என்று பேரன் சொன்னதும், தமிழ்ச் சங்கம் ரோட்டில் போய் ஆபீஸை விசாரித்தவன் நான். பேர்தான் மதுரை. 1998 பொங்கலன்று தொடங்கி, உலகமெங்கும் இருக்கிற தன்னார்வலர்கள் இணையத்திலேயே நடத்துவது. அதில் எடுத்த பழைய நாவல் ஒன்றை நானும் நண்பரும் சேர்ந்து படிக்கிறோம். என் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கத்துக்கு ஒன்பது வரி. அவர் போனில் வேறு கணக்கு. "எத்தனாம் பக்கம் ஓய்?" என்ற கேள்விக்கே இடமில்லை. இப்போதெல்லாம், "பண்ணையார் வண்டி குடைசாயுமே, அதுக்கு அந்தப் பக்கம்" என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.