மூன்று நிறுவனக் கணக்கு: எந்தப் பத்தியில் இருக்கிறது?

நிகர எடை:
பக்கத்துத் திரியில் கண்ணாடிக் கணக்கு எழுதியிருப்பது: "ஒரு சரக்கில் மூன்று நிறுவனங்களுக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை மறைத்தே ஆகவேண்டும். ஐ.நா. விதி." எந்த விதி சார்? சரக்கு வர்த்தகப் புள்ளிவிவரத்துக்கான ஐ.நா. கையேடு ஐ.எம்.டி.எஸ். 2010. அது பரிந்துரைப்பது செயலற்ற இரகசியத்தன்மை. பாதிக்கப்படும் ஏற்றுமதியாளரோ இறக்குமதியாளரோ விண்ணப்பிக்க வேண்டும். புள்ளிவிவர அலுவலகம் அதைப் பார்த்து, நியாயம் இருந்தால் மறைக்கும். யாரும் கேட்காவிட்டால் ஒரே நிறுவனம் செய்த ஏற்றுமதி என்றாலும் எண் வெளியே வரும். மூன்று எங்கிருந்து வந்தது?

கண்ணாடிக் கணக்கு:
வந்துட்டார்யா பத்தி எண் கேட்க. ஒரே நிறுவனம் என்றால் வெளியாகும் எண்ணே அவன் கணக்கு. இரண்டு என்றால் மொத்தத்தில் தன் பங்கைக் கழித்தால் எதிராளியின் கணக்கு கையில். மூன்றாவது ஆள் வந்தால்தான் கழித்தபின்னும் மிச்சம் கலவையாக நிற்கும். புள்ளிவிவரம் படித்தவர்களுக்கு இது பாலபாடம்.

நிகர எடை:
காரணம் கேட்கவில்லை. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

பாலபாடம் என்கிறீர்களே, அதுவும் அரைகுறை. ஆறு நிறுவனங்கள்: 900, 80, பிறகு நான்கு பேர் தலா 5. மொத்தம் 1000. 80காரர் தன்னுடையதைக் கழித்தால் 920. முதலாமவரின் உண்மையான எண் 900. பிழை வெறும் 20, அதாவது சுமார் 2.2 சதவீதம். ஆறு பேர் இருந்தும் அவர் அம்மணமாக நிற்கிறார். அதனால்தான் தலையை எண்ணுவதோடு நிற்காமல் ஆதிக்க விதி (ஓரிருவர் பங்கு அளவுக்கு மீறினால் மறை), சதவீத விதி (ஒருவர் எண்ணை இன்னொருவர் மிக நெருக்கமாக ஊகிக்க முடிந்தால் மறை) என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் மூன்று இங்கே எதைக் காப்பாற்றும்?

ஆறிலக்கம்:
"செயலற்ற இரகசியத்தன்மை"யாம். தூங்குகிற ரகசியமா அது? கேட்டால் மறைப்பது, கேட்காமலே மறைப்பது என்று எழுதினால் கை வலிக்குமா?

நிகர எடை:
சொல்லாராய்ச்சிக்குத் தனித் திரி இருக்கிறது. போன முறை சி.ஐ.எஃப். இறக்குமதி மதிப்பு பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் வந்து கலைத்துவிட்டுப் போனீர்கள்.

கண்ணாடிக் கணக்கு:
அரசுப் புள்ளிவிவரத்துக்கான ஐ.நா.வின் 1994 அடிப்படைக் கோட்பாடுகளில் ஆறாவது என்ன சொல்கிறது? தனிநபரோ நிறுவனமோ, அவர்களைப் பற்றிய தரவு கண்டிப்பாக ரகசியம். கேட்டால் மட்டும் ரகசியம் என்று இல்லை.

நிகர எடை:
படித்தேன். அதில் மூன்று இல்லை.

எச்.எஸ்., அதாவது உலக நாடுகள் பயன்படுத்தும் சரக்குக் குறியீட்டு முறை, ஆறிலக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் குறியீடுகள். எதிரே இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும். சரக்கையும் நாட்டையும் சேர்த்துக் கட்டம் போட்டால் பெரும்பாலான கட்டங்களில் ஒருவர், இருவர்தான். கேட்காமலே மூன்றுக்குக் கீழே எல்லாம் கறுப்பு அடித்தால் அட்டவணையில் என்ன மிஞ்சும்? வர்த்தகத்துக்கு மட்டும் கேட்டால் மறைப்பு என்று வைத்ததற்கு அதுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2152 ஒழுங்குமுறையும் வணிகர் கேட்டால்தான் என்கிறது. இன்னொரு முறை கேட்கிறேன்: மூன்று எங்கே?

கண்ணாடிக் கணக்கு:
நாட்டுக்கு நாடு உள்விதியில் இருக்கும். விண்ணப்பம் வந்ததும் அலுவலகம் எதை வைத்துத் தீர்மானிக்கும், சோழி உருட்டியா?

சுழியம்:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். மறைப்பதாக முடிவெடுத்த பிறகு மறைக்கத் தெரியாமல் கோட்டை விடுவதுதான் அதிகம். நாலிலக்கத் தலைப்பின் மொத்தம் 1000. கீழே நான்கு ஆறிலக்கக் குறியீடுகள்: 400, 250, 200, ஒன்று மறைப்பு. கழித்தால் 150. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். எனவே 200ஐயும் சேர்த்து மறைக்க வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்து 350 என்பது மட்டும்தான் தெரியும். அந்த 200 முழுக்க ஒரே நிறுவனத்தினுடையது என்றால் அவர் தன் எண்ணைக் கழித்து 150ஐ எடுத்துவிடுவார், அப்போது இரண்டாவதாக வேறு குறியீட்டைத் தேட வேண்டும். மதிப்பை மறைத்துவிட்டு எடையைத் திறந்து விட்டாலும் வீண். சந்தை விலை தெரிந்தவனுக்கு டன் கணக்கு போதும்.

மறைப்பு ஜூனில் தொடங்கினால் ஜனவரி முதல் மே வரை வெளியான எண்கள் அப்படியே கிடக்கும். ஆண்டு மொத்தத்தையும் வெளியிட்டால் மீதி ஏழு மாதங்களின் கூட்டுத்தொகை தானாக வந்துவிடும்.

கண்ணாடிக் கணக்கு:
இவ்வளவு பாடுபட்டு என்ன பயன்? எதிர் நாட்டின் இறக்குமதிக் கணக்கை எடுத்தால் முடிந்தது. அங்கே இறக்குமதியாளர் விண்ணப்பித்திருக்க மாட்டார்.

நிகர எடை:
அது சி.ஐ.எஃப்., கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தது. நம் ஏற்றுமதிக் கணக்கு எஃப்.ஓ.பி., அந்தக் கூலியும் காப்பீடும் சேராதது. அங்கே தோற்ற நாடு எழுதுவார்கள், இங்கே தெரிந்தவரை கடைசியாகச் சேருமிடம். நடுவில் வேறொரு துறைமுகத்தில் இறக்கி ஏற்றினால் இரண்டும் பொருந்தாது. டிசம்பரில் கிளம்பிய சரக்கு ஜனவரியில் சேர்ந்தால் ஆண்டே மாறிவிடும்.

ஆறிலக்கம்:
பொருந்தாவிட்டால் என்ன? போட்டியாளருக்கு ரூபாய் பைசா சுத்தமாகவா வேண்டும்? ஏறக்குறைய தெரிந்தால் போதாதா? இதில் கண்ணாடிக் கணக்கு சொல்வது சரி.

கண்ணாடிக் கணக்கு:
நன்றி. மறைத்ததை எல்லாம் 9999இல், அதாவது வகை குறிப்பிடாத சரக்குக்கான குறியீட்டில், கொட்டி அமுக்குகிறார்கள் என்று பக்கத்துத் திரியில் முன்பே சொன்னேன்.

ஆறிலக்கம்:
அதைச் சரி என்று நான் சொல்லவில்லை. 9999இல் கிடப்பதெல்லாம் மறைப்பு இல்லை. சிறுமதிப்புச் சரக்கு, மதிப்பீடு, வகை தெரியாதது எல்லாம் அங்கேதான் போகிறது. மறைத்ததற்கென்று ஆஸ்திரேலியா தனிக் குறியீடே வைத்திருக்கிறது, எஸ்.ஐ.டி.சி. (ஐ.நா.வின் இன்னொரு சரக்கு வகைப்பாடு) 988. வேறு சில நாடுகள் இரண்டிலக்கத்தில் மொத்தத்தைக் கொடுத்துவிட்டு ஆறிலக்கத்தைக் காலியாக விடுகின்றன. ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத்தளமான காம்ட்ரேடில் அத்தியாய மொத்தத்தையும், அதாவது அந்த இரண்டிலக்க மொத்தத்தையும், ஆறிலக்கக் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் வைத்தால் பள்ளம் எங்கே என்று தெரியும்.

நிகர எடை:
கையேடும் அதைத்தான் சொல்கிறது. அடுத்த மேல் மட்டத்தில் ரகசியம் காக்கப்படும் என்றால் அங்கே முழுசாகக் கொடு. நாட்டின் மொத்தத்தில் எதுவும் விடுபடக்கூடாது. மூன்று பற்றி ஒரு வரி இல்லை.

கண்ணாடிக் கணக்கு:
நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நிகர எடை:
மூன்று என்றது நீங்கள்.

சுழியம்:
ஆறிலக்கம் சொன்ன ஒப்பீட்டைச் செய்கிறவர்கள் குறியீட்டு நெடுவரிசையை எழுத்தாக இறக்குங்கள், எண்ணாக அல்ல. 010121 என்பது எக்செலில் 10121 ஆகிவிடும். முதல் ஒன்பது அத்தியாயங்களும் பள்ளமாகத் தெரியும், மறைப்பு என்று அலற வேண்டாம்.

கண்ணாடிக் கணக்கு:
யாரைச் சொல்கிறீர்கள்? என் அட்டவணையில் சுழியம் விழவில்லை.

நிகர எடை:
சுழியம் இருக்கட்டும். பத்தி எண்?