பணித்தளத்திலிருந்து குடும்பமாகத் திரும்பிவிட்டோம், சின்னவன் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்கிறான்

கேட்டவர்: தேரிக்காட்டு மகள்

எல்லோருக்கும் தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தான்சானியாவில் டொடோமாவுக்குப் பக்கத்தில் 12 வருஷம் ஊழியத்தில் இருந்தோம். நான் நர்ஸ். என் கணவர் வேதாகமப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். மாமாவுக்கு வாதம் வந்து படுத்துவிட்டதால் இந்த ஜனவரியில் ஒரேயடியாகத் திரும்பி வந்தோம். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மாவும் அவர்களுடைய வயதான தாயாரும். நல்ல மனிதர்கள். போதகர் ஐயா வந்து ஜெபித்து, பால் காய்ச்சிக் குடிவந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்னும் பிள்ளைகளுக்கு இது வீடாகவில்லை.

மூத்தவளுக்கு 13 வயது, சின்னவனுக்கு 8. அவன் அங்கேயே பிறந்தவன். எங்களோடு தமிழில் பேசுவான், ஆனால் அவன் கனவில் பிதற்றுவது சுவாஹிலியில்தான். அங்கே பள்ளிக்கூடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அதனால் வந்ததும் ஜூன் வரை இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். அந்த ஐந்து மாதம்தான் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. பழகுவதற்கு யாரும் இல்லை, வெயில் வேறு. டொடோமா மேட்டு நிலம், ராத்திரி போர்வை வேண்டும். இங்கே மே மாதத்தில் சின்னவன் மொட்டைமாடியில்தான் படுப்பேன் என்று அழுதான்.

அவனுக்கு ஒரு நீல டிரங்குப் பெட்டி. அங்கேயும் அதற்கு ‘ட்ரங்கா’ என்றுதான் பெயர். பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிறு கட்டி அவனும் பக்கத்து வீட்டுப் பையன்களும் செய்த பந்து, அந்த வீட்டு அம்மா கொடுத்த காங்கா துணி, இன்னும் என்னென்னவோ உள்ளே இருக்கிறது. கயிற்றைக் கூட அவிழ்க்க விடவில்லை. நான் ஒருநாள் தூசி தட்டலாம் என்று தொட்டதற்கு, “திறந்தால் இங்கேதான் இருப்போம் என்று ஆகிவிடும்” என்றான். அதற்கப்புறம் நான் அதைத் தொடவில்லை.

அங்கே ஒரு வீட்டுக்குப் போனால் கதவைத் தட்ட மாட்டார்கள். வாசலில் நின்று “ஹோடி” என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து “கரீபு” என்று பதில் வந்தால்தான் காலெடுத்து வைப்பது. வந்த புதிதில் சின்னவன் தெருவில் நாலைந்து வீட்டு வாசலில் நின்று “ஹோடி, ஹோடி” என்று கூப்பிட்டிருக்கிறான். ஒரு வீட்டில் பிச்சை கேட்கிறான் என்று நினைத்து இரண்டு ரூபாய் கொடுத்து அனுப்பினார்கள். அதிலிருந்து அவன் யார் வீட்டுக்கும் போவதில்லை.

மூத்தவள் கதை வேறு. வகுப்பில் அவளை ‘ஆப்பிரிக்கா’ என்றே கூப்பிடுகிறார்கள். அவளைச் சொல்வதை அவள் தாங்கிக்கொள்கிறாள். அந்த ஜனங்களுடைய நிறத்தையும் முடியையும் சொல்லிச் சிரிக்கிறார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. என் சிநேகிதிகளை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று ராத்திரி அழுதாள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. சின்னவன் பிறந்த ராத்திரி எங்கள் ஜீப் பழுதாகி நின்றபோது என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவர்கள் அவர்கள்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஊழியத்தைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறவர்கள் அன்போடுதான் கூப்பிடுகிறார்கள். மாதம் தவறாமல் காணிக்கை அனுப்பி எங்களைத் தாங்கிய சபைகள், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரு ஊர், ஒரு மைக். பிள்ளைகளை முன்னால் நிறுத்தி அந்த பாஷையில் ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். சின்னவன் போன வாரம் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நான் கேட்பது இதுதான். இப்படித் திரும்பி வந்தவர்கள், இல்லை அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். எது உதவியது? எது உதவவில்லை? யாருடைய மனதும் நோகாமல் சில மாதத்துக்குச் சாட்சிக் கூட்டங்களை நிறுத்திவைக்க முடியுமா?

பதில்: முதலூர் ஆச்சி

மகளே, உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எனக்கு 72 வயது. பேரன்தான் தட்டச்சு செய்கிறான்.

என் அப்பா டோர்னக்கல் பக்கம் ஊழியத்தில் இருந்தார்கள். 1903-ல் நம் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் காசில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி அந்தத் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்களே, அந்தப் பாதையில் போனவர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-ல் அங்கே பேராயர் ஆனார். நாங்கள் முதலூருக்குத் திரும்பும்போது எனக்குப் பதினொரு வயது. தமிழ் பேசினால் தெலுங்கு வாடை. ஊரில் என் பெயரே ‘கொல்டி’ ஆகிவிட்டது. கடல் தாண்டாமலே எனக்கு அப்படி என்றால் உன் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?

நான் ரொம்ப நாள் யோசித்த ஒன்றைச் சொல்கிறேன். நம் ஜில்லாவுக்கு மிஷனெரி என்றால் வந்தவர்களைத்தான் தெரியும். ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார், 1838-ல் இங்கேயே மரித்தார். கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தவர், 1891-ல் கோடைக்கானலில் உயிர் போனாலும் உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அவர் கட்டிய கோயிலுக்குள் அடக்கம் பண்ணினார்கள். டோனாவூர் அம்மா ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தபின் 1951-ல் சாகிற வரைக்கும் சொந்த ஊருக்குப் போகவே இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு, போன இடத்தில் மண்ணாவதுதான் மிஷனெரிக்கு அழகு என்று நமக்குள் பதிந்துவிட்டது. திரும்பி வருகிறவர்களை எப்படி ஏற்றுக்கொள்வது என்று நாம் பழகவில்லை. என் அப்பாவிடம் “ஏன் வந்துவிட்டீர்கள்?” என்று கேட்காத ஆள் இல்லை. என் ஆச்சிக்குக் கண் தெரியவில்லை என்று வந்தார்கள். உன் மாமாவைப் பார்க்க வந்ததற்கு நீ யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

எனக்கு உதவியது என் அம்மா. வீட்டுக்குள் வாரத்தில் ஒரு ராத்திரி தெலுங்கில் குடும்ப ஜெபம் நடத்தினார்கள். வெளியே தமிழ், அந்த ஒரு ராத்திரி மட்டும் தெலுங்கு. அந்த பாஷையைப் பூட்டிவைக்காதே. கூட்டத்தில் பாட வைத்தால் அது வேடிக்கை ஆகிவிடும், வீட்டில் ஜெபித்தால் அது அவனுடையதாகவே இருக்கும்.

ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. மஸ்கோத் அல்வா சூடாக வாங்கி வைக்கிறேன்.

பதில்: பாளை ஆசிரியை

அக்கா, பள்ளிக்கூட விஷயம் மட்டும் சொல்கிறேன். மற்றதில் ஆச்சி சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

வகுப்பில் அந்த நிறப் பேச்சை விடாதீர்கள். வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, பிள்ளைகள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். “கேலி செய்கிறார்கள்” என்று பொதுவாகச் சொன்னால் “எல்லாம் பழகிவிடும்” என்று அனுப்பிவிடுவார்கள். நானே அப்படி ஒரு தாயை அனுப்பியிருக்கிறேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது.

தமிழ் எழுதப் படிக்க: 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். அதனால் மூத்தவளுக்கு இப்போதே தொடங்குங்கள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துத் திணறவிட வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே மழலைக் கல்விப் பாடங்கள் உண்டு. 13 வயதுப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகம் கூச்சமாக இருக்கும். தம்பிக்குச் சொல்லிக்கொடு என்று அவள் கையில் கொடுங்கள், இருவரும் படித்துவிடுவார்கள்.

சின்னவன் அங்கே பிறந்தவன் என்பதால் ஒரு வார்த்தை: தார் எஸ் சலாம் இந்திய ஹைகமிஷனில் பதிந்த பிறப்புச் சான்று, அவன் பாஸ்போர்ட் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் ஆதார் எடுக்க 182 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. நிறையப் பேர் தெரியாமல் காத்திருக்கிறார்கள்.

பதில்: பணித்தளத்துப் பிள்ளை

அக்கா, நான் குஜராத் மலைக்கிராமத்தில் வளர்ந்தவன். பன்னிரண்டு வயதில் நாசரேத்துக்கு வந்தோம். இப்போது எனக்கு முப்பத்தி நாலு.

பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள். எனக்கும் ஒரு பெட்டி இருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக அம்மா அதை ஒருநாள் திறந்துவிட்டார்கள். மலைப்பையன்கள் கொடுத்த கவண், விதைகள், எல்லாம் கை மாறி மாறிப் போனது. அம்மா மேல் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன ஆனது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அவன் பெட்டி அவனிடமே இருக்கட்டும். அவன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

அப்புறம், அங்கே யாரிடமும் ஒழுங்காக விடைபெற்றானா? நாங்கள் அவசரமாகக் கிளம்பினோம். என் சிநேகிதனிடம் சொல்லாமல் வந்தது பத்து வருஷம் அரித்தது. இப்போது போன் இருக்கிறது. அந்தப் பையன்களோடு வாரம் ஒருமுறை பேச வையுங்கள். பேசினால் ஏக்கம் கூடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதலில் கூடும்தான், அழுவான், அழட்டும்.

உகாலி சாப்பிட்டு வளர்ந்திருப்பான் இல்லையா? அது நம் களிதான். கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் கரிசலில் மக்காச்சோளம் நிறைய விளைகிறது. வாங்கி மில்லில் அரைத்துக் கிண்டிக் கொடுங்கள். எனக்கு ரொட்லா சுட்டுத் தந்த நாளெல்லாம் நான் பள்ளிக்கூடம் போக அடம்பிடித்ததில்லை.

பதில்: சேகரக் கமிட்டிக்காரர்

அம்மா, உங்களைக் கூப்பிட்டவர்களில் எங்கள் ஊரும் ஒன்றாக இருக்கலாம். மன்னியுங்கள். பிள்ளைகளை நிறுத்துவது அவர்களைக் கஷ்டப்படுத்தும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நீங்களே ஒவ்வொருவரிடமும் மறுக்க வேண்டாம். சேகரத்துச் சபைகளைக் கவனிக்கிற போதகர் ஐயாவிடம் சொல்லுங்கள், ‘கிறிஸ்துமஸ் வரை குடும்பம் ஓய்வில் இருக்கிறது’ என்று அவர்களே அறிவித்தால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். தாங்கிய சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். எங்கள் ஊர்ப் பெண்கள் கைப்பிடி அரிசி எடுத்துவைத்து உங்களுக்கு அனுப்பியது நீங்கள் திரும்பி வந்து பேச வேண்டும் என்பதற்காக இல்லை.

பிள்ளைகளைச் சபையோடு பழக்க வேண்டுமென்றால் அசனத்துக்கு, அதுதான் சபை விருந்துக்கு, கூட்டி வாருங்கள். பந்தியில் தண்ணீர் ஊற்றவோ இலை போடவோ நம் ஊர்ப் பையன்களோடு விடுங்கள். அங்கே யாரும் மைக் கொடுக்க மாட்டார்கள்.

கேட்டவர்: தேரிக்காட்டு மகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஆச்சி, நீங்கள் எழுதியதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். ‘ஏன் வந்துவிட்டீர்கள்’ என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்களையும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், என்னிடம் சொன்னதே இல்லை. இப்போது புதன்கிழமை ராத்திரி சுவாஹிலியில் ஜெபம். மூத்தவள் முந்திக்கொண்டு ஜெபிக்கிறாள்.

இன்னொன்று. அங்கே மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், காலை ஏழு மணி என்றால் ‘ஒரு மணி’. சின்னவன் இன்னும் அப்படியே சொல்லி வகுப்பில் திட்டு வாங்குகிறான். கீழ்வீட்டுப் பாட்டி அதைக் கேட்டுவிட்டு, “எங்க ஆத்தாவும் இப்படித்தான்யா, பொழுது விடிஞ்சு எத்தனை நாழிகைன்னு சொல்லுவா” என்றார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கீழே போய்ப் பாட்டியிடம் நாழிகை கேட்கிறான். கதவருகில் நின்று கூப்பிடுகிறான், என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று நான் கேட்கவில்லை.

வகுப்பாசிரியரைப் பார்த்தேன். பிள்ளைகள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்ல எனக்கு நாக்கு கூசியது, ஆனாலும் சொன்னேன். அவர்கள் முகம் மாறிவிட்டது. நடவடிக்கை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூத்தவள் இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

சேகரத்து ஐயா அறிவித்துவிட்டார்கள். ஒரே ஒரு ஊரில் கொஞ்சம் முணுமுணுப்பு, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்போது தாமிரபரணி ஆற்றுக்கு, குறுக்குத்துறைக்குப் போகிறோம். டொடோமாவில் ஆறு என்றால் மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம் மணல்தான், ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுப்பார்கள். இந்தத் தண்ணீர் நாளைக்கும் ஓடுமா என்று சின்னவன் கேட்டான். ஓடும் என்றேன். மறு வாரம் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிக் குளித்தான்.

பெட்டி இன்னும் திறக்கவில்லை தம்பி. ஜன்னலுக்கு அடியில் வைத்திருக்கிறோம், அதன்மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறான். அந்தப் பையன்களோடு இரண்டு தடவை போனில் பேசிவிட்டான். முதல் தடவை பேசி முடித்ததும் நீங்கள் சொன்னபடியே அழுதான்.

மாவு மட்டும் சரியாக அமையவில்லை. இங்கே கிடைப்பது மஞ்சள் சோளம், அங்கே வெள்ளை. “நிறம் சரியில்லை” என்றான், ஆனால் இரண்டு உருண்டை சாப்பிட்டான். கோவில்பட்டிப் பக்கமோ வேறெங்கோ வெள்ளை மக்காச்சோளம் கிடைத்தால், இல்லை பாளையில் அதை நைசாக அரைத்துத் தருகிற மில் தெரிந்தால் யாராவது எழுதுங்கள்.